ஆழ்கடலில் நொறுங்கிய கலம்: எச்சரித்தவரின் வேலை போன கதை

(ஆலைத் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் கலந்துகொண்ட வாசிப்பு வட்டக் கூட்டமொன்றில் கட்சி முழுநேர ஊழியர் ஒருவர் ஆற்றிய உரை)



சென்ற கூட்டம் கலையும்போது ஸ்பின்னிங் தோழர் ஒருவர் என்னைக் கேட்டார்: "கோடீசுவரர்கள் சிலர் வேடிக்கை பார்க்கக் கடலுக்குள் போனார்கள், செத்தார்கள். அதைப் போய் நாம் ஏன் பேச வேண்டும்?" நியாயமான கேள்விதான். ஆளுக்கு இரண்டரை லட்சம் டாலர், அன்றைய கணக்கில் நம் பணத்துக்குச் சுமார் இரண்டு கோடி ரூபாய், டிக்கெட் விலை. 2023 ஜூன் 18 அன்று அட்லாண்டிக் கடலில் ‘டைட்டன்’ என்ற அந்தச் சிறு கலம் ஐந்து பேருடன் நொறுங்கியது. அதற்கு நாலு நாள் முன்னால், ஜூன் 14 அன்று, கிரீஸ் நாட்டுக் கரைக்கு அப்பால் ஏறத்தாழ 750 பேரை அடைத்து ஏற்றிய மீன்பிடிப் படகு ஒன்று கவிழ்ந்தது. பிழைத்தவர்கள் 104 பேர். மற்றவர்கள் எல்லாம் பாகிஸ்தான், சிரியா, எகிப்து போன்ற நாடுகளிலிருந்து பிழைப்புத் தேடிப் புறப்பட்ட ஏழைகள். அந்த ஐந்து பேருக்கு இன்னும் எத்தனை மணி நேரம் பிராணவாயு இருக்கிறது என்று உலகப் பத்திரிகைகள் நிமிஷக் கணக்குப் போட்டன. இந்த நூற்றுக்கணக்கானவர்களுக்கு அந்தக் கவனம் கிடைக்கவில்லை. இதை முதலில் சொல்லிவிட்டுத்தான் மேலே போக வேண்டும்.

ஆனாலும் டைட்டனைப் பற்றிப் பேசத் துணிந்ததற்குக் காரணம் உண்டு. அமெரிக்கக் கடலோரக் காவல் படை இரண்டு வருஷம் விசாரணை நடத்தி, 2025 ஆகஸ்டில் முந்நூறு பக்கத்துக்கு மேல் அறிக்கை வெளியிட்டது. சாதாரணமாக ஒரு கம்பெனியின் உள் கணக்கும் உள் பேச்சும் நம் கண்ணுக்குப் படுவதில்லை. இந்த விபத்தினால் ஒரு கம்பெனியின் கதவு அகலத் திறந்தது. உள்ளே பார்த்தால் நம் தொழிற்சாலைகளில் நடப்பதுபோலவே இருக்கிறது!

முதலில் கடலின் பாரத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். பத்து மீட்டர் இறங்கினால் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு கிலோ பாரம் கூடும். 1912-இல் மூழ்கிய டைட்டானிக் கப்பல் கிடக்கும் இடம் சுமார் 3,800 மீட்டர் ஆழம். அங்கே உங்கள் விரல் நகம் அளவான இடத்தின்மேல் 380 கிலோ, அதாவது ஐந்து நெல் மூட்டை, ஏறி உட்காரும். உள்ளங்கை அளவு இடத்துக்கு முப்பது டன்னுக்கு மேல். மேலிருந்து மட்டுமல்ல; எட்டுத் திசையிலிருந்தும் நெருக்கும்.

இந்த நெருக்கலுக்கு ஏற்ற வடிவம் உருண்டை. பாரம் எல்லாப் பக்கமும் சமமாகப் பிரிந்துவிடும். 1960 ஜனவரி 23 அன்று ஜாக் பிக்கார், டான் வால்ஷ் என்ற இருவர் ‘டிரியெஸ்ட்’ கலத்தில் பசிபிக் கடலின் மிக ஆழமான பள்ளத்துக்கு, கிட்டத்தட்ட 10,900 மீட்டருக்கு, இறங்கித் திரும்பினார்கள். அவர்கள் உட்கார்ந்திருந்தது எஃகு உருண்டை. சுவரின் கனம் சுமார் பன்னிரண்டரை சென்டிமீட்டர். இரண்டு பேர் முடங்கி உட்காரத்தான் அதில் இடம்.

இரண்டு பேர் உட்காரும் உருண்டையில் டிக்கெட் விற்று எத்தனை சம்பாதிக்க முடியும்? ‘ஓஷன்கேட்’ என்ற அமெரிக்கக் கம்பெனிக்கு ஐந்து ஆசனம் வேண்டும். ஆகவே உருண்டையை விட்டு, குழாய்போல் நீண்ட உருளை வடிவத்துக்குப் போனது. உருளையை எஃகிலோ டைட்டானியத்திலோ செய்தால் கனம் கூடும். கனம் கூடினால் பெரிய கப்பல் வேண்டும், பெரிய கிரேன் வேண்டும். ஆகவே கார்பன் இழையில் செய்தது. இதில் ஒவ்வொரு முடிவையும் தனியே எடுத்துப் பார்த்தால் பைத்தியக்காரத்தனம் என்று சொல்லிவிட முடியாது. என்ஜினீயர் வேலையே கொடுத்து வாங்குவதுதான். கனத்தைக் குறைத்தால் வேறொன்று போகும். பலத்தைக் கூட்டினால் வேறொன்று போகும். என்ன போகிறது என்பதை அளந்து பார்த்தார்களா என்பதுதான் கேள்வி.

கயிறும் தூணும்

கார்பன் இழை என்பது தலைமயிரைவிட மெல்லியது. அதைப் பிசினில் தோய்த்து, கண்டில் நூல் சுற்றுவதுபோல் ஓர் அச்சின்மீது சுற்றி, சுட்டுக் கெட்டியாக்குவார்கள். நூலைப் பற்றி ஆலைத் தோழர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நூல் இழுப்புக்குத் தாங்கும். கமலைக் கயிறு எத்தனை சால் தண்ணீரையும் இழுக்கும். அதே கயிற்றை நட்டுவைத்துப் பந்தலைத் தாங்கச் சொன்னால் தாங்குமா? ஆகாய விமானத்தில் காற்று உள்ளிருந்து வெளியே தள்ளுகிறது. அங்கே இழை இழுபடுகிறது. கடலடியில் வெளியிலிருந்து உள்ளே நெருக்குகிறது. பிசினோடு சேர்ந்து கெட்டியான இழை நெருக்கலையும் ஓரளவு தாங்கும் என்பது உண்மையே. ஆனால் எத்தனை தடவை இறங்கி ஏறினாலும் தாங்குமா? அதை முன்கூட்டி யாரும் சோதித்து நிறுவியிருக்கவில்லை.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. இரும்பு வளையும், பிதுங்கும், கண்ணுக்குத் தெரிந்து எச்சரிக்கும். இந்தச் சுவர் உள்ளுக்குள்ளே ஏடு ஏடாகப் பிரியும். மேலே பளபளப்பாகவே இருக்கும்.

டைட்டனுக்குச் செய்த முதல் உருளையில் 2019-இல் விரிசல் கண்டது. அதை ஒதுக்கிவிட்டு இரண்டாவது உருளை செய்தார்கள். அதற்காகச் செய்த சிறு மாதிரிகள் சோதனைத் தொட்டியில் நொறுங்கின. அப்படியும் வேலை நிற்கவில்லை. முதல் உருளையின் இரு முனைகளிலும் இருந்த டைட்டானிய வளையங்களைக் கழற்றி, புதிய உருளையில் பசை போட்டு ஒட்டினார்கள். இந்தச் சுவரின் கனம் ஐந்து அங்குலம். அதை ஒரே தடவையில் செய்யாமல், அங்குலம் அங்குலமாக ஐந்து தடவை சுற்றிச் சுட்டெடுத்தார்கள். நடுவில் சுருங்கி மேடு தட்டிய இடங்களை ராவித் தள்ளினார்கள். மேட்டை ராவினால் இழையும் சேர்ந்து அறுபடும் என்பதை நூல் பழகிய கை அறியும். விபத்துக்குப் பிறகு துண்டுகளை ஆராய்ந்தவர்கள் சுவருக்குள் சுருக்கங்களையும் காற்றுப் பொள்ளல்களையும் கண்டார்கள்.

லாக்ரிட்ஜ் எழுதிய அறிக்கை

கம்பெனியில் இதைப் பார்த்துப் பேசியவர் யாருமே இல்லையா? இருந்தார். டேவிட் லாக்ரிட்ஜ் என்பவர் அங்கே கடல் பணிகளின் இயக்குநர், ஸ்காட்லாந்துக்காரர், நீர்மூழ்கிக் கலம் ஓட்டிப் பழகியவர், குடும்பத்தோடு அமெரிக்காவுக்கு வேலைக்கு வந்தவர். 2018 ஜனவரியில் அவர் கலத்தைப் பரிசோதித்து, குறைகளை எழுத்தில் கொடுத்தார். சுவரை முழுவதும் சோதிக்கவில்லை என்றார். பார்வைக் கண்ணாடிக்கு அதைச் செய்தவர் உறுதி கொடுத்தது 1,300 மீட்டருக்குத்தான், நீங்கள் போகப்போவதோ 3,800 மீட்டர் என்றார்.

கம்பெனி கலத்தைத் திருத்தியதா? இல்லை, லாக்ரிட்ஜை வேலையைவிட்டு நீக்கியது!

அவர் சும்மா இருக்கவில்லை. தொழில் பாதுகாப்புக்கென அமெரிக்க சர்க்கார் வைத்திருக்கும் இலாகாவில் புகார் செய்தார். கம்பெனி அவர்மேல் வழக்குப் போட்டது. இலாகா கோப்பைப் புரட்டிக்கொண்டே மாதங்களைக் கடத்தியது. வழக்கறிஞர் செலவையும் குடும்பத்தின் சுமையையும் தாங்க முடியாமல் அந்த வருஷக் கடைசியில் அவர் புகாரைக் கைவிட்டார். அந்த இலாகா காலத்தில் விசாரித்திருந்தால் விஷயம் வேறு திசையில் போயிருக்கக்கூடும் என்று 2025 அறிக்கை குறை சொல்லுகிறது. ஏழு வருஷம் கழித்து! அதே 2018-இல் இத்துறை நிபுணர்கள் முப்பத்தெட்டுப் பேர், இந்தப் போக்கு பெரும் விபத்தில் முடியலாம் என்று ஒரு கடிதம் தயாரித்தார்கள். அதையும் கம்பெனி பொருட்படுத்தவில்லை.

கப்பல்களையும் கலங்களையும் வெளியாள் ஒருவர் வந்து வரைபடம் முதல் உலோகம் வரை சோதித்துத் தரச்சான்று கொடுப்பது உலக வழக்கம். டைட்டனுக்கு அந்தச் சான்று கிடையாது. புதுமையை அது தாமதப்படுத்தும் என்று கம்பெனி 2019-இல் பகிரங்கமாகவே எழுதியது. ஓர் எல்லைக்கு மேல் பாதுகாப்பு என்பது வெறும் வீண் என்று அதன் தலைவர் ஸ்டாக்டன் ரஷ் 2022-இல் ஒரு பேட்டியில் சொன்னார். பிரயாணிகளை ஏற்றினால் பிரயாணிக் கப்பல் சட்டம் பாயும் அல்லவா? அதற்கும் வழி வைத்திருந்தார்கள். பணம் கட்டி வந்தவர்களுக்குப் ‘பிரயாணி’ என்று பெயரில்லை. ‘மிஷன் ஸ்பெஷலிஸ்ட்’ என்று பெயர். நிரந்தரத் தொழிலாளியின் வேலையைச் செய்கிறவனுக்கு ‘அப்ரண்டிஸ்’ என்று பெயர் சூட்டும் வித்தை தெரிந்த நமக்கு இதில் ஆச்சரியம் இல்லை.

2022 ஜூலையில் ஒரு பயணம் முடிந்து கலம் மேலே வரும்போது உள்ளிருந்தவர்களுக்குப் பெரிய சத்தம் ஒன்று கேட்டது. சுவரில் பொருத்தியிருந்த கருவிகளிலும் அன்றிலிருந்து அளவுகள் மாறின. இந்தக் கருவிகளைத்தான் கம்பெனி பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தது: சுவர் உடைவதற்கு முன் இவை எச்சரிக்கும், நாங்கள் மேலே வந்துவிடுவோம் என்று. கருவி எச்சரிக்கத்தான் செய்தது! அதைப் படித்து, "இனி இறங்காதே" என்று சொல்லக்கூடிய ஆள்தான் அங்கே மிஞ்சவில்லை. சட்டத்துக்குள் கலம் சற்று அசைந்த சத்தம் அது என்று சமாதானம் சொல்லப்பட்டது. அந்தக் குளிர்காலம் முழுவதும் கனடா நாட்டுத் துறைமுக ஊரில் கலம் பனியில் திறந்தவெளியில் கிடந்தது. கையில் பணம் இல்லாமல், சம்பளத்தைப் பிறகு வாங்கிக்கொள்ளும்படி ஊழியர்களைக் கம்பெனி கேட்டது என்று முன்னாள் என்ஜினீயர் ஒருவர் விசாரணையில் சாட்சி சொன்னார்.

2023 ஜூன் 18 காலையில் கலம் இறங்கியது. ஒன்றரை மணி நேரம் கழித்து, 3,300 மீட்டருக்கும் கீழே, இரண்டு எடைக்கட்டிகளைக் கழற்றிவிட்டோம் என்ற செய்தி வந்தது. அதுவே கடைசிச் செய்தி. அடுத்த சில விநாடிகளில் எல்லாம் முடிந்துவிட்டது. செத்தவர்களில் ஒருவன் பத்தொன்பது வயதுப் பையன்.

இங்கே ஒரு விஷயத்தை நாம் மழுப்பக் கூடாது. ஸ்டாக்டன் ரஷ்ஷும் அந்தக் கலத்துக்குள் இருந்தார், தானே ஓட்டினார், தானும் செத்தார். ஆகவே பிறர் உயிரை விற்றுத் தான் தப்பித்த சாதாரண முதலாளிக் கதையாக இதைச் சுருக்கினால் நாம் பாதியைத்தான் புரிந்துகொண்டவர்களாவோம். வேலை போய்விடும் என்ற பயத்தைக் காட்டி ஊழியர்களின் வாயை அடைத்தார்கள் என்று அறிக்கை சொல்லுகிறது. மறுத்துப் பேசியவர்கள் ஒருவர் பின் ஒருவராக வெளியே போனபின், தன் பேச்சு ஒன்றையே கேட்டுக்கொண்டிருந்த மனிதன் அதை நம்பியும்விட்டான். பயமுறுத்தி வாங்கிய மௌனம் தொழிலாளியின் கையைத்தான் நசுக்கும், மேலே இருப்பவரைத் தொடாது என்று நாம் நினைக்கிறோம். அது அவரையும் விடுவதில்லை.

திரெஷர்

அறுபது வருஷம் பின்னால் போவோம். 1963 ஏப்ரல் 10. அமெரிக்கக் கடற்படையின் ‘திரெஷர்’ என்ற அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பல், பழுதுபார்த்து முடிந்தபின் ஆழச் சோதனைக்குப் போய் 129 பேருடன் மூழ்கியது. கடலடியில் சிதறிக் கிடந்த அதன் துண்டுகளைத் தேடப் போனது, நான் முன்பு சொன்ன அதே டிரியெஸ்ட். அணுப் போர்ப் போட்டிக்காகக் கட்டிய கப்பல் அது. அந்த நோக்கத்தை நாம் என்றைக்கும் ஏற்கவில்லை. ஆனால் செத்தவர்களில் பதினேழு பேர் சிவிலியன்கள். கப்பலில் நடந்த வேலையைச் சரிபார்க்கக் கூடப் போனவர்களில் கப்பல் பட்டறை ஆட்களும் உண்டு.

அங்கே இலாப நோக்கம் இல்லை. பட்டறையும் சர்க்கார் பட்டறைதான். பின் என்ன கோளாறு? கப்பலுக்குள் கடல் நீர் ஓடும் குழாய்களில் வெள்ளிக் கலவையால் பற்றவைத்த இணைப்புகள் ஏறத்தாழ 3,000 இருந்தன. உள்ளே பற்று சரியாகப் பிடித்திருக்கிறதா என்பது வெளியே தெரியாது. ஒலியலைக் கருவியால்தான் தெரியும். பழுதுபார்க்கும்போது 145 இணைப்புகளை அப்படிச் சோதித்தார்கள். நூற்றுக்குப் பதினாலு வீதம் தரம் குறைந்தவை என்று தெரிந்தது. அதே கணக்கில் மொத்தத்தையும் பார்த்தால் நானூறு இணைப்பு! அப்புறம் என்ன செய்தார்கள் தெரியுமா? சோதனையை நிறுத்திவிட்டார்கள். குழாய்களின் மேலுறையை மறுபடி பிரிக்க வேண்டும், நாள் ஆகும், கப்பல் கடலில் இறங்கவேண்டிய தேதி நெருங்கிவிட்டது. கெட்டது எத்தனை என்று தெரிந்துகொள்ளாமல் இருந்தால் வேலை முடிந்ததாக எழுதிக்கொள்ளலாம் அல்லவா?

ஓர் இணைப்பு விட்டு, உப்புநீர் பீச்சி, மின்சாரம் கெட்டு, அணு உலை தானே நின்றுபோயிருக்க வேண்டும் என்று விசாரணை கருதியது. சாட்சி சொல்ல ஒருவரும் மிஞ்சாததால் இது ஊகம்தான். அப்போதும் ஒரு வழி உண்டு: அழுத்திய காற்றைத் தொட்டிகளுக்குள் விட்டு, தண்ணீரை வெளியே தள்ளி, மேலே மிதந்து வருவது. சைக்கிள் டியூபின் வால்வைத் திறந்தால் காற்று சில்லென்று வருகிறதே, பார்த்திருக்கிறீர்களா? அதே சங்கதிதான். வேகமாகப் பாய்ந்த காற்று குளிர்ந்து, அதிலிருந்த ஈரம் வடிகட்டியில் பனிக்கட்டியாக உறைந்து வழியை அடைத்தது. பிறகு அதேவகைக் கப்பலொன்றைத் துறைமுகத்தில் நிறுத்திச் சோதித்தபோது சில விநாடிகளிலேயே இப்படி அடைத்துக்கொண்டது. 129 பேர் சாவதற்கு முன் இந்தச் சோதனையைச் செய்ய யாருக்கும் தோன்றவில்லை.

ஆனால் இதன் பிறகு நடந்ததைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல விரும்புகிறேன். அந்த வருஷமே ‘சப்சேஃப்’ என்றொரு ஏற்பாடு கொண்டுவந்தார்கள். அது கப்பலில் உள்ள எல்லாவற்றையும் பிடித்துக்கொள்ளவில்லை. இரண்டே விஷயம்: கடல் நீர் உள்ளே வரக் கூடாது, வந்துவிட்டால் கப்பல் மேலே வர முடிய வேண்டும். இவ்விரண்டைத் தொடும் ஒவ்வொரு போல்ட்டுக்கும் ஒவ்வொரு இணைப்புக்கும் எழுத்தில் ஆதாரம் வேண்டும்: உலோகம் எங்கிருந்து வந்தது, பற்றவைத்தவர் யார், சோதித்தவர் யார், அளவு என்ன. "நல்லாத்தான் இருக்கு" என்ற வாய்வார்த்தை செல்லாது. இன்னொன்று இதைவிடப் பெரியது. கப்பலைக் குறித்த தேதியில் இறக்கவேண்டிய பொறுப்பு உள்ளவரிடமே "சரி" என்று கையெழுத்திடும் அதிகாரத்தை விட்டுவைக்கவில்லை. அதை வேறு ஆட்களிடம் பிரித்துக் கொடுத்தார்கள்.

இதனால் செலவு கூடியது, நாள் கூடியது. பலன்? 1915 முதல் 1963 வரை போரில்லாத காரணங்களால் அமெரிக்கக் கடற்படை இழந்த நீர்மூழ்கிகள் பதினாறு. அதன் பிறகு இழந்தது ஒன்றே ஒன்று, 1968-இல் ‘ஸ்கார்ப்பியன்’, 99 பேருடன். அந்தக் கப்பல் இந்த ஏற்பாட்டின் சான்று பெறாதது.

நம் அனுதாபத்துக்குரிய நாட்டின் விபத்தை மறைத்துப் பேசினால் நான் சொல்வதற்கு மதிப்பில்லை. சோவியத் யூனியனின் ‘கொம்சொமோலெத்ஸ்’ என்ற கப்பலின் சுவர் டைட்டானியம், 1,000 மீட்டர் ஆழம் இறங்கக்கூடியது, உலகமே வியந்தது. 1989 ஏப்ரல் 7 அன்று அதில் தீப்பிடித்தது. 42 பேர் இறந்தார்கள். கலத்தின் சுவர் அவர்களைக் கைவிடவில்லை. பெரும்பாலோர் மேலே வந்து தப்பியவர்கள்தான். மிதவையில் எல்லாருக்கும் இடமில்லாமல், உதவிக் கப்பல் வருமுன் குளிர்ந்த கடல் நீரில் விறைத்துச் செத்தார்கள். எங்கே செலவழித்தோம் என்பதோடு எங்கே செலவழிக்காமல் விட்டோம் என்பதையும் பார்க்க வேண்டியிருக்கிறது.

"அப்படியானால் ஆபத்தே இல்லாமல் வேலை செய்ய முடியுமா?" என்று மானேஜர்கள் நம்மை மடக்குவார்கள். முடியாதுதான். டிரியெஸ்ட் இறங்கும்போதே ஒரு வெளிக் கண்ணாடியில் விரிசல் விட்டது. ஆனாலும் அவர்கள் மேலே இறங்கினார்கள். அவர்களைச் சுற்றியிருந்த உருண்டை, கேட்டதற்கு மேலேயே தாங்கும்படி கட்டியது. இந்த மிகையைத்தான் கணக்குப்பிள்ளை வீண் என்பார். 1973-இல் ‘பைசிஸ்-3’ என்ற சிறு கலம் டெலிபோன் கேபிள் பதிக்கும் வேலையில், அயர்லாந்துக்கு அப்பால், சுமார் 480 மீட்டர் ஆழத்தில் விழுந்தது. உள்ளே ரோஜர் சாப்மன், ரோஜர் மல்லின்சன் என்ற இரண்டு வேலையாட்கள். மூன்று நாளுக்கு மேல் கிடந்து, செப்டம்பர் 1 அன்று உயிரோடு வெளியே வந்தார்கள். அப்போது மிஞ்சியிருந்த பிராணவாயு பன்னிரண்டு நிமிஷத்துக்குத்தான். இறங்குமுன் மல்லின்சன் பிராணவாயு சிலிண்டரை மாற்றி முழுதும் நிரம்பியதை வைத்திருந்தார். பழையதிலேயே அன்றைய வேலைக்குப் போதுமான வாயு இருந்தது. பழையதே போதும் என்று விட்டிருந்தால்?

கடைசியாக நம் ஊர்ச் சங்கதி. சென்னைப் பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் ‘மத்ஸ்யா-6000’ என்ற கலத்தை உருவாக்கி வருகிறது. மூன்று பேர் 6,000 மீட்டர் இறங்குவது திட்டம். வடிவம் உருண்டை; உலோகம் டைட்டானியம்; உள் அகலம் 2.1 மீட்டர், சுவர் கனம் 80 மில்லிமீட்டர். 2021-இல் எஃகு உருண்டை ஒன்றை ஆளில்லாமல் 600 மீட்டர் இறக்கிப் பார்த்தார்கள். 2025 தொடக்கத்தில் காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் கலத்தையே தண்ணீரில் இறக்கிச் சோதித்தார்கள். அடுத்த படி 500 மீட்டர் என்றார்கள். வெளிச் சான்று வாங்கும் முறையையும் ஏற்றிருக்கிறார்கள். குறித்த வருஷங்கள் தள்ளிப்போய்க்கொண்டிருப்பதைச் சில பத்திரிகைகள் கேலி செய்கின்றன. நான் கேலி செய்ய மாட்டேன். தேதி தள்ளியதா என்பதைவிட, தேதியைத் தள்ளச் சொல்லும் உரிமை அங்கே பற்றவைக்கும் தொழிலாளிக்கும், சோதித்துப் பார்க்கும் பையனுக்கும் இருக்கிறதா என்று கேட்கத்தான் எனக்கு ஆசை.

மணி ஒன்பதாகிறது. இரவு ஷிப்டுக்குப் போகிற தோழர்கள் முதலில் கேள்வி கேட்கலாம்.